அரைப் புசல் நெல்லில் ஒரு ஏக்கர்: திருகோணமலை வயலுக்குப் பரசூட் நாற்று வழிகாட்டி

கார்த்திகையில் விதைத்து மூன்றாம் நாள் மழை கொட்டினால் என்ன நடக்கும் என்று தம்பலகாமத்திலோ மூதூரிலோ வயல் செய்கிறவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விடியப் போய் வரம்பில் நின்றால், முளை கட்டி வீசிய நெல்லெல்லாம் பள்ளப் பக்க மூலையில் குப்பையோடு ஒதுங்கிக் கிடக்கும். மேட்டுப் பக்கம் வெறும் சேறு. திரும்ப விதைக்க வீட்டில் நெல் இருக்காது. கடையில் இருக்கும், ஆனால் அன்றைக்கு அதன் விலை வேறு.

எனக்கு அப்படி ஒரு வருடம் போனது. அவசரத்தில் ஒருவரிடம் 'நல்ல விதை' என்று வாங்கி மறுபடி விதைத்தேன். கதிர் வெளிவரும் நேரத்தில்தான் தெரிந்தது, அதில் பாதி பன்றி நெல். பயிரை விட உயரமாக வளர்ந்து, முற்ற முன்பே மணியை உதிர்த்துவிட்டு, அடுத்த போகத்துக்கும் தன் விதையைத் தானே போட்டுவிட்டுப் போய்விடும். அதற்குப் பிறகுதான் பரசூட் முறைக்கு வந்தேன். விதை மிச்சம் என்பதற்காக அல்ல; பன்றி நெல்லையும் கார்த்திகை மழையையும் ஒரே கல்லில் அடிக்கலாம் என்பதற்காக.

முறை எளிது. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் நாற்று வளர்க்கிறோம். இரண்டு கிழமையில் நாற்றைச் சேற்று உருண்டையோடு கழற்றி, சேறடித்த வயலில் மேலே தூக்கி வீசுகிறோம். வேரடியில் இருக்கும் சேற்றின் பாரத்தால் அது நிமிர்ந்தபடி வந்து விழுந்து குத்தி நிற்கும். அதனால்தான் 'பரசூட்'.

உங்கள் வயலுக்கு ஆகுமா?

தண்ணீரை உள்ளே விடவும் வெளியே வடிக்கவும் உங்களால் முடிந்தால் ஆகும். கந்தளாய்க் குளத்து வாய்க்காலில் பாயும் தம்பலகாமத்து வயல்கள், மாவிலாற்றுத் தண்ணீரை நம்பியிருக்கும் மூதூர், சேருவில பக்கத்து வயல்கள், இவற்றிலே பெரும்பாலும் சிக்கல் இல்லை. மழையை மட்டும் நம்பும் மானாவாரி வயலில் புழுதி விதைப்புச் செய்கிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அங்கே சேறு வரும் நாளை வானம்தான் தீர்மானிக்கும். தட்டில் இருக்கும் நாற்றோ 15 நாளுக்கு மேல் காத்திருக்காது.

பத்து ஏக்கர் செய்கிறவர் பத்தையும் முதல் போகத்திலேயே மாற்றவும் வேண்டாம். அரை ஏக்கரில் தொடங்குங்கள். முதல் முறை எல்லாரும் ஒரு பிழை விடுவோம். அது அரை ஏக்கரோடு போகட்டும்.

முதலில் கணக்கு

எங்கள் பக்கம் கிடைக்கும் தட்டில் 434 குழி, நீளத்துக்கு 31, அகலத்துக்கு 14. ஏக்கருக்கு 280 தட்டு வைத்தால் ஏறக்குறைய 1,21,500 குழி. சதுர மீற்றருக்கு 30 குத்து என்று வரும், அது போதும். குழிக்கு இரண்டு அல்லது மூன்று நெல். நாட்டு நெல்லில் ஆயிரம் மணி சுமார் 25 கிராம் நிறுக்கும். ஆக மூன்று இலட்சம் மணிக்கு ஏழரைக் கிலோ. சிந்துவது, மிதப்பது எல்லாம் சேர்த்துப் பத்துக் கிலோ, அதாவது அரைப் புசல் போதும். சம்பா மணி சின்னது, அதற்கு இன்னும் குறையும்.

கையால் வீசி விதைக்கும்போது விவசாயத் திணைக்களம் சொல்வதே ஏக்கருக்கு இரண்டு புசல். உண்மையில் நாம் போடுவது மூன்று. 'அடர்த்தியாய் விதைத்தால் களை வராது' என்று சொல்லிச் சொல்லியே கூட்டிவிட்டோம். அடர்த்தியாய் விதைத்து யூரியாவையும் அள்ளிப் போட்ட வயலைத்தான் அறக்கொட்டியான் என்ற தத்துப்பூச்சி முதலில் தேடி வரும் என்பதை மறந்துவிட்டோம்.

தட்டு ஒரு முறை வாங்கும் செலவு. நான்கு பேர் சேர்ந்து வாங்கலாம், ஆனால் ஒரு பிடி இருக்கிறது: ஒரு தட்டுத் தொகுதி ஒருவரிடம் பதினைந்து நாள் நிற்கும். ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் நான்கு பேருக்கும் ஒரே கிழமையில்தான் நாற்று வேண்டும். ஒரு போகத்தில் இரண்டு பேர் மாறி மாறிப் பாவிக்கலாம், அதுவும் தண்ணீர் நாள் கொஞ்சம் தள்ளி இருந்தால்தான். கமக்காரர் அமைப்பில் எடுத்தால் இதைப் பேசித் தீர்த்துக்கொண்டு எடுங்கள். வாங்கிய பிறகு பேசினால் சண்டை.

1. தண்ணீர் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் திகதியும் விதைப்பு முடிக்க வேண்டிய திகதியும் தீர்மானமாகும். கூட்டத்துக்குப் போகாமல் பக்கத்து வயல்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிற பழக்கம் இருந்தால் அதை இந்த முறைக்காவது விடுங்கள். வீசப் போகும் நாளைக் குறித்துக்கொண்டு அதிலிருந்து 14 நாள் பின்னுக்குத் தட்டில் விதை, 16 அல்லது 17 நாள் பின்னுக்கு நெல்லை ஊறப் போடுவது.

இங்கே ஒரு வசதி இருக்கிறது. நாற்றுக்கு வாய்க்கால் தண்ணீர் தேவையில்லை. ஒரு ஏக்கருக்கான தட்டுகளைப் பரப்ப, நடக்கும் வழியோடு சேர்த்து மூன்று பேர்ச் இடம் போதும். நாங்கள் வீட்டுக் கிணற்றடியில்தான் வைக்கிறோம். வயலில் இன்னும் உழவு முடியவில்லை, இங்கே நாற்று ஆறு நாள் வளர்ந்திருக்கும். பெரும்போகத்தில் வெள்ளம் வந்தாலும் வளவு மேட்டில் நாற்று பத்திரமாக இருக்கும். வெள்ளம் வடிந்த பிறகு வீசலாம். ஒரு நாள் பிந்தினாலும் பரவாயில்லை.

2. பன்றி நெல்லை முளைக்க விட்டு உழுங்கள்

முதல் உழவு முடிந்ததும் வயலை ஈரமாக விட்டு, பத்துப் பதினான்கு நாள் சும்மா விடுங்கள். மண்ணில் கிடக்கும் பன்றி நெல்லும் கோழிச்சூடன் புல்லும் பச்சையாகக் கிளம்பும். பார்க்க வயிறு எரியும், ஆனால் அதுதான் வேண்டும். இரண்டாம் உழவில் அத்தனையையும் சேற்றுக்குள் அமுக்குங்கள். பன்றி நெல் மோசமாக உள்ள வயலில் இதை இரண்டு தடவை செய்தால் இன்னும் நல்லது, தண்ணீரும் நாளும் இடம் கொடுத்தால்.

கையால் விதைத்த வயலில் பன்றி நெல்லும் நம் நெல்லும் ஒன்றாக முளைக்கும், ஒரே மாதிரி இருக்கும், பிடுங்க முடியாது, மருந்தடிக்கவும் முடியாது. பரசூட்டில் நம் நாற்றுக்கு இரண்டு கிழமை வயது கூட. அது நின்றதும் தண்ணீரைக் கட்டினால், நீருக்கடியில் கிடக்கும் பன்றி நெல் விதை மூச்சு முட்டி அடங்கிவிடும். பரசூட் முறையின் முழு லாபமும் இந்த இரண்டு கிழமை வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

3. விதை

சான்றுப்படுத்திய விதை வாங்குங்கள், சிட்டை தைத்த மூடையாக. அரைப் புசல்தானே வேண்டும், விலை கூடினாலும் கை சுடாது. இரகத்தைப் பொறுத்தவரை, பெயருக்குப் பின்னால் இருக்கும் இலக்கமே வயதைச் சொல்லும்: பீ.ஜி 300 மூன்று மாதம், பீ.ஜி 352உம் ஏ.ரி 362உம் மூன்றரை மாதம். பீ.ஜி என்றால் பத்தலகொடை, ஏ.ரி என்றால் அம்பலாந்தோட்டை, அந்த இரகங்களை உருவாக்கிய நெல் ஆராய்ச்சி நிலையங்கள் இருக்கும் ஊர்கள். கிண்ணியா, மூதூர்க் கரையோரம் உவர் ஏறிய வயல் வைத்திருப்பவர்கள் ஏ.ரி 354ஐப் பற்றி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், உவரைத் தாங்கும் இரகம் அது. நாற்றுக்கு மட்டும் நல்ல தண்ணீரே ஊற்ற வேண்டும்.

வாளியில் தண்ணீர் எடுத்து உப்புக் கரையுங்கள். புது முட்டை ஒன்றைப் போட்டால் அது மிதந்து, மேலே ஒரு நாணயம் அளவு தெரிய வேண்டும். அந்தத் தண்ணீரில் நெல்லைக் கொட்டிக் கிளறினால் பதக்கடையும் (உள்ளே அரிசி இல்லாத நெல்) அரை மணியும் மேலே வரும். அள்ளி எறிந்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் மூன்று தரம் கழுவுங்கள். உப்பு தங்கினால் முளை கெடும்.

ஒரு நாள் ஊற வைத்து, சாக்கில் கட்டி ஒரு நாள், குளிர் என்றால் ஒன்றரை நாள். முளை வெள்ளையாக எட்டிப் பார்த்தால் போதும். வழக்கமான விதைப்புக்குப் போல வேர் நீள விட்டால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குழியில் விழாது.

4. சேறும் தட்டும்

நாங்கள் முதல் தடவை சறுக்கியது இந்த வேலையில்தான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

சேறு வயல் மண்ணாகவே இருக்கலாம், ஆனால் பன்றி நெல் விழுந்த வயலின் மண் வேண்டாம். விதையைக் காசு கொடுத்து வாங்கிவிட்டுக் களையை இலவசமாகத் தட்டில் வளர்த்த கதையாகிவிடும். வாய்க்கால் ஓரத்து மண், அல்லது வளவு மண்ணோடு நன்றாக உக்கிய கூட்டெரு. கல், வேர், தும்பு இல்லாமல் அரித்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் குழைக்கும்போது தோசை மா பதத்துக்குச் சற்று இறுக்கமாக வர வேண்டும். மணல் கூடினால் உருண்டை உதிரும். களி கூடினால் தட்டை விட்டு வராது.

நிலத்தை மட்டமாக்கி மெல்லிய சேறு பூசி, இரண்டு இரண்டு தட்டாக நெருக்கி வைத்து இலேசாக அழுத்துங்கள். தட்டின் அடி மண்ணைத் தொட வேண்டும், இடையில் காற்று நின்றால் அந்தக் குழிகள் காயும். குழியில் பாதிக்குச் சேறு. பிறகு விதையைப் பரவலாகத் தூவுங்கள். ஒரு தட்டுக்கு 35 கிராம் அளவில் ஒரு சின்ன டப்பாவை அடையாளம் வைத்துக்கொண்டால் கை கணக்குப் பிழைக்காது. மேலே மீண்டும் சேறு, குழி விளிம்பு மட்டம் வரை.

இனி முக்கியமானது: தட்டின் மேல் முகத்தில் ஒட்டிய சேற்றை ஒரு பலகைத் துண்டாலோ ஈரச் சாக்காலோ வழித்துத் துடையுங்கள். குழிக்கும் குழிக்கும் நடுவில் இருக்கும் அந்த மெல்லிய பிளாஸ்டிக் வரம்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். முதல் தடவை நாங்கள் இதைச் செய்யவில்லை. ஆறு மணி ஆகிவிட்டது, இருட்டு, நுளம்பு வேறு, 'இது போதும்' என்று விட்டுவிட்டோம். பதினான்காம் நாள் ஒரு நாற்றை இழுத்தால் முழுத் தட்டும் பாய் மாதிரி கிளம்பியது. அந்த மெல்லிய சேற்றுப் படையில் வேர் ஓடி அடுத்த குழியோடு கைகோத்திருந்தது. வீசுகிற நாளில் ஆறு பேர் குந்தியிருந்து நாற்றைப் பிய்த்தோம். பாதி உருண்டை உடைந்து வெறும் வேராக வந்தது. வெறும் வேர் நாற்றை வீசினால் வைக்கோல் மாதிரிக் கிடையாகத்தான் விழும்.

5. பதினான்கு நாள்

மேலே தென்னோலை அல்லது வைக்கோல் மூடி, மூன்றாம் நாள் எடுத்துவிடுங்கள். பூவாளியால் காலையும் மாலையும் தண்ணீர். குழாயை நேரே பிடித்தால் சேறு கரைந்து விதை வெளியே வரும். கோழியை மறந்துவிடாதீர்கள். வளவில் நாற்று வைத்தால் உங்கள் கோழிதான் முதல் எதிரி, மயில் இரண்டாவது. பழைய வலை ஒன்றைக் கட்டினால் போதும்.

நாற்று ஒரு சாணுக்குள் நிற்கும்போதே வீசுவது நல்லது. உயர்ந்துவிட்டால் காற்றுப் பிடித்துச் சாயும். வீசுவதற்கு முதல் நாள் மாலையிலிருந்து தண்ணீரை நிறுத்துங்கள். உருண்டை இறுகி, இழுத்தவுடன் குழியை விட்டு அப்படியே வரும்.

6. மட்டம்

பலகை அடித்து முடிந்ததும் வரம்பு கட்டிய வரவைக்குள் இரண்டு அங்குலம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தீவு மாதிரித் தெரியும் இடங்களில் குச்சி நடுங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, குச்சி நட்ட இடத்து மண்ணை இழுத்துப் பள்ளத்தில் போட்டு மறுபடி பலகை. மட்டமில்லாத வயலில் பள்ளத்து நாற்று மூழ்கும், மேட்டில் களை கொண்டாடும். மெசின்காரர் 'காணும்' என்று சொன்னாலும் நீங்கள் தண்ணீர் விட்டுப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். அவருக்கு அடுத்த வயல் காத்திருக்கிறது, உங்களுக்கு இந்த வயல்தான்.

7. வீசும் நாள்

பலகை அடித்த அன்றோ மறுநாளோ, சேறு கொஞ்சம் படிந்த பிறகு. காலை வைத்து எடுத்தால் அடையாளம் மெல்ல மெல்ல மூடிக்கொள்ள வேண்டும். உடனே மூடினால் நாற்று புதையும். மூடாமலே நின்றால் சேறு இறுகிவிட்டது, நாற்று மேலேயே சாய்ந்து கிடக்கும். தண்ணீர் ஒரு விரல் நகம் அளவுக்கு மேல் வேண்டாம்.

சிறுபோகத்தில் காலை பத்து மணிக்கு முன் முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு கச்சான் காற்று எழும்பிவிடும், வீசியதெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கும். வயலைக் கயிறு பிடித்துப் பத்தடிப் பாத்திகளாகப் பிரித்து, நடுவில் ஓரடி நடைபாதை விடுங்கள். பிறகு பசளை போடவும் களை பார்க்கவும் அந்தப் பாதைதான் உதவும். தட்டை மடித்து ஒரு கையில் தொங்கவிட்டு, மறு கையால் ஐந்தாறு நாற்றை உருவி, தலைக்கு மேலே எட்டுப் பத்தடி உயரத்துக்கு விட்டெறியுங்கள். முன்னுக்கு அல்ல, மேலுக்கு. முக்கால் பங்கை முதலில் வீசிவிட்டு, மிச்சக் கால் பங்கை வெறுமையாகத் தெரியும் இடங்களில்.

நான் முதல் தடவை வீசிக்கொண்டிருந்தபோது அடுத்த வயல் மாமா சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என்ன மருமகன், நாத்து நடுறியளோ, காகம் கலைக்கிறியளோ?"

"நடுறதுதான் மாமா. வீசி நடுறது."

"நிக்குமோ?"

"ரெண்டு நாள் கழிச்சு வந்து பாருங்கோ."

அவர் இரண்டு நாள் கழித்து வரவில்லை. பத்தாம் நாள் வந்தார். வரம்பில் குந்தி, இரண்டு குத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

8. தண்ணீர், பசளை, களை

வீசி இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டாதீர்கள். வேர் பிடிக்கட்டும். அதன் பிறகு மெல்ல மெல்ல ஒன்றரை, இரண்டு அங்குலம் வரை ஏற்றி நிறுத்துங்கள். களையை அடக்குவது இந்தத் தண்ணீர்தான். முளைக்குமுன் அடிக்கும் களைநாசினி பாவிப்பதாக இருந்தால் எதை, எந்த நாள் என்று போதனாசிரியரிடமோ விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்திலோ கேட்டுவிட்டு அடியுங்கள். தமிழில் பேசலாம். ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும்: வீசிய நாற்று வரிசையில் நிற்காது. ஆகவே வரிசை நடுகைக்குப் பாவிக்கும் களையெடுக்கும் கருவியை இங்கே உருட்ட முடியாது. தப்பிய களையைக் கையால்தான் எடுக்க வேண்டும்.

சிறுபோகத்தில் முறைத் தண்ணீர் வரும் வயலுக்கு ஒரு எளிய உபாயம். ஓரடி நீள பீ.வீ.சீ குழாயின் கீழ்ப்பாதியில் துளை போட்டு, அந்தப் பாதியை மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிடுங்கள். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்குக் கீழே அரை அடி இறங்கும் வரை வயலுக்குத் தண்ணீர் தேவையில்லை, மேலே காய்ந்த மாதிரித் தெரிந்தாலும். நாற்று நன்றாகப் பிடித்து, களை அடங்கிய பிறகே இதைத் தொடங்குங்கள். பூக்கும் காலத்தில், முன்னும் பின்னும் ஒரு கிழமை, தண்ணீர் நிற்க வேண்டும். அதில் விளையாடக் கூடாது.

பசளையைத் திணைக்களச் சிபாரிசுப்படி பிரித்துப் பிரித்துப் போடுங்கள். நாள் எண்ணும்போது நாற்றுத் தட்டில் இருந்த 14 நாளையும் மறக்கவேண்டாம். 2021 மேயில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியதும், அந்தப் பெரும்போகத்தில் வயல்கள் மஞ்சளாய் நின்றதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த அனுபவத்துக்குப் பிறகு, கிடைக்கிறபோது யூரியாவை அள்ளிப் போடும் பழக்கம் பலருக்கு வந்திருக்கிறது. பரசூட் வயலில் ஒவ்வொரு குத்துக்கும் இடம் இருக்கிறது, அது தானாகவே மட்டம் (பக்கக் கன்று) வெடிக்கும். இலை நிற அட்டையை வைத்துப் பார்த்து, இலை வெளிறினால் மட்டும் யூரியா. வெட்டு மெசின் போன பிறகு வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்பி உழுதுவிடுங்கள்.

முதல் பத்து நாள் வயல் ஐதாகத் தெரியும். வீட்டில் உள்ளவர்கள் 'இது என்ன வயலா' என்று கேட்பார்கள். இடையில் போய் இன்னும் கொஞ்சம் விதை தூவிவிட்டு வர மனம் சொல்லும். தூவாதீர்கள், பன்றி நெல் பிடுங்கும்போது எது எது என்று தெரியாமல் போய்விடும்.

கட்டாக்காலி மாட்டுக்கும் யானைக்கும் பரசூட்டும் ஒன்றுதான், வீசி விதைத்ததும் ஒன்றுதான். காவல் காவல்தான்.

9. தட்டுகள்

வீசி முடிந்த அன்றே தட்டுகளைக் கழுவுங்கள். சேறு காய்ந்துவிட்டால் ஒவ்வொரு குழியாகக் குத்தி எடுக்க வேண்டி வரும். நிழலில் உலர்த்தி, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். முற்றத்தில் போட்டால் ஒரு வருட வெயிலில் அப்பளம் மாதிரி நொறுங்கும். எலி பிளாஸ்டிக்கையும் விடாது, ஆகவே பரணில் வைக்காமல் கம்பியில் தொங்கவிடுவது நல்லது. இரவல் கொடுத்தால் எண்ணிக் கொடுங்கள். போன சிறுபோகத்துக்கு அந்த மாமா 140 தட்டு வாங்கிப் போனார். 138 வந்திருக்கிறது, கழுவாமல்.